இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி

“சொறி பிடிச்ச இலையை வெட்டித் தள்ளுடா, எனக்கும் ஒட்டிக்கப் போகுது!” என்று வெயிலில் நின்ற ரோஜா தோட்டத்துக் கத்தரிக்கோலிடம் கத்தியது. தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்த பெரணிச் செடியின் இலைகளுக்கு அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்.

கத்தரிக்கோல் வாயைப் பிளந்துகொண்டு போனது. ரோஜா காட்டியதை வெட்டித்தான் அதற்குப் பழக்கம். ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பெரணி கெஞ்சவில்லை. “அண்ணே, இது சொறி இல்ல. எனக்குப் பூ கிடையாது, காய் கிடையாது. இந்தப் புள்ளி உதிர்ந்துதான் என் பிள்ளைங்க முளைக்கணும்” என்றது.

“பூக்கவே துப்பில்ல, இதுல பிள்ளை வேறயா?” என்று ரோஜா சிரித்தது.

“கீழே பாருங்க அண்ணே. போன மழையில உதிர்ந்தது.”

கத்தரிக்கோல் குனிந்து பார்த்தது. ஈரச் செங்கல் இடுக்கில், நத்தை போலச் சுருண்டபடி, மிளகளவு பச்சைத் தளிர் ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

“என்னடா பராக்கு பாக்குற? வெட்டு!”

கத்தரிக்கோல் வாயை இறுக மூடிக்கொண்டு அந்தச் செங்கல் பக்கத்திலேயே படுத்துவிட்டது.

“ஈரத்துல கிடந்தா துருப்பிடிச்சுச் சாவ!”

“பிடிக்கட்டும்.”

பொழுது சாயும்வரை ரோஜா ‘வெட்டு, வெட்டு’ என்று கத்திப் பார்த்தது. கத்தரிக்கோல் வெட்டவில்லை.