சமாதானம் சொல்லும் நேரம்

மாம்புரிக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசை. "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்கிறார் சுவாமி. எல்லோரும் திரும்பிக் கைகுவிக்கிறார்கள். டயனாவின் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை. அடித்த கணவன் மேல் அவள் நேற்றுப் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். அங்கே அவளைக் கூட்டிப்போன மாதர் சங்கத்து யூஜீனியாதான் அருகில் நிற்கிறாள். "புருசனைப் பிடிச்சுக் குடுத்தவளுக்கு என்ன சமாதானம்?" என்று பின்வரிசை வாங்கில் ஒருத்தி முணுமுணுக்கிறாள். கடற்காற்றில் மெழுகுதிரிச் சுடர்கள் சாய்கின்றன. முன்வரிசையிலிருந்து மாமியார் றெஜினா நடந்து வருகிறாள். யூஜீனியா டயனாவின் தோளை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். கருவாட்டு உப்பில் வெடித்த கைகளால் மாமியார் டயனாவின் வீங்கிய கன்னத்தைத் தொடுகிறாள். "சமாதானம், மகள். உன்ட மாமாவும் அடிச்சவர்தான். நான் அப்ப பொலிசுக்குப் போகல்ல." பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. டயனா அந்தக் கைகளைப் பற்றியபடியே நிற்கிறாள்.