அல்லித் தொட்டி

"ஏன்னா, இன்னிக்கும் வந்துட்டா. மூணாவது நாள்" என்றாள் ஷியாமளா, ஜன்னல் திரையைப் பிடித்த பிடி விடாமல்.

ரங்கராஜன் எட்டிப் பார்த்தார். விடிந்தும் விடியாத நேரம். அவர்கள் வாசலில் இருந்த அல்லித் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரி ரஞ்சனாதி, அதாவது ரஞ்சனா அக்கா. பிறகு சத்தமில்லாமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

"முந்தாநாள் ஒரு பையிலேர்ந்து என்னத்தையோ கொட்டினா. அதுலேர்ந்து தினம் வந்து பாத்துட்டுப் போறா."

"என்னத்தைக் கொட்டினா?"

"நான் கிட்டவே போகலை. விஷமோ, சூனியமோ, யார் கண்டா?"

"போலீஸ்ல சொல்லலாமா?"

"என்னன்னு சொல்றது? தொட்டியை எட்டிப் பாத்தான்னா?"

உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி மகள் மதுவந்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டின் முன்புறம் இந்த மண்ணுக்கே உரிய செடிகள்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் குடியிருந்த டாக்குரியா என்ற பெங்காலிப் பகுதியின் தெருச் சங்கம் சட்டம் போட்டிருந்தது. ரஞ்சனாதி அதைச் சாக்காக வைத்து முன்புறத்தைக் காடாக்கிவிட்டாள். ஷியாமளாவுக்கோ டைல்ஸைப் பெயர்க்க மனமில்லை. ஒரே ஒரு அல்லித் தொட்டியை வைத்துச் சட்டத்தின் வாயை அடைத்தாள்.

ஊரெல்லாம் டெங்கு. மதுவந்தியின் கையில் கொசு கடித்த தடிப்பைப் பார்த்த அன்று ஷியாமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காட்டை வெட்டச் சொல்லிச் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாளே ரஞ்சனாதி வந்து மணி அடித்தாள். சண்டைக்குத்தான் என்று ஷியாமளா கதவைத் திறக்கவில்லை.

பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் தத்தா சோதனைக்கு வந்தார். அடுத்த வீட்டில் அரை மணி நேரம். பிறகு இங்கே.

"அங்கே ஒரு சொட்டுத் தண்ணி தேங்கலை, பௌதி. கொசுப்புழுவே இல்லை. வெட்டச் சொல்ல முடியாது" என்று பெங்காலியில் அண்ணி முறை வைத்துச் சொன்னார். நேராக அல்லித் தொட்டிக்குப் போய்க் கையை நீட்டினார்.

"தொடாதீங்க, அண்ணா. அதுல அவங்க என்னமோ போட்டிருக்காங்க" என்று பதறினாள் ஷியாமளா.

"தெரியும்." இலையை விலக்கி டார்ச் அடித்தார். குட்டிக் குட்டி மீன்கள் சிதறி ஓடின.

"ராமா, மீனா? நம்ம வாசல்லயா?" என்று தமிழில் முனகினார் ரங்கராஜன்.

"புழு நெளிஞ்சது இந்தத் தொட்டியிலதான். அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தாங்களாம். நீங்க திறக்கலை. மீன்னு தெரிஞ்சா வேண்டாம்னுடுவீங்கன்னு, நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி வந்து விட்டிருக்காங்க. புழுவெல்லாம் தீர்ந்துதான்னு தினம் வந்து பார்த்திருக்காங்க."

ஷியாமளா முதல் தடவையாகத் தொட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"எங்க மேலயும் ஒரு புகார் எழுதியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். எழுதினா சங்கம் உங்க கேட்டுல டெங்கு நோட்டீஸ் ஒட்டிடும், மாசமா இருக்கற உங்க பொண்ணு பார்த்தா பயந்துடும்னு சொல்லிட்டாங்க."