பதினைந்து ஆம்பியர்

"நிச்சயமா நின்னுடுமா, இல்ல நின்னாலும் நிக்கும்னு குத்துமதிப்பாச் சொல்றியா?"

பெரியவர் கேட்ட தோரணையில் மெக்கானிக்குக்கு எரிச்சல் வந்தது. மேசைமேல் மூன்று சாமான்கள் கிடந்தன. சைக்கிளின் பின்சக்கரத்தோடு சேர்ந்த ஆயிரம் வாட் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் ஒரு கன்ட்ரோலர், ஒரு பேட்டரி. மூன்றையும் மூன்று கடைகளில் வாங்கியிருந்தார். ஒரே கடைக்காரனை நம்பினால் மொத்தமாக மொட்டையடித்துவிடுவான் என்பது அவர் கட்சி.

"நின்னுடும் ஐயா. உங்க கன்ட்ரோலர் இருபத்தஞ்சு ஆம்பியர் இழுக்கும். பேட்டரி பதினஞ்சுதான் தாங்கும். அதுக்கு மேல இழுத்தா தானா கட் ஆயிடும். சமதரையில ஒண்ணும் தெரியாது. ஏத்தத்துல காலை வாரிடும்."

"வாயால சொன்னா ஆச்சா? காட்டு."

மெக்கானிக் மூன்றையும் இணைத்து, சக்கரத்தைக் கட்டையால் அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினான். மீட்டரில் பன்னிரண்டு, பதினாலு என்று ஏறியது. பதினைந்தைத் தாண்டியதும் டக். எல்லாம் செத்துப்போனது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் டக்.

"யாரு ஓட்டப் போறது?"

"என் பொண்ணு. மலைமேல ஆஸ்பத்திரியில நர்ஸு."

மெக்கானிக் ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தான். "ஐயா, அது லாரி போற ரோடு. ஒத்தைப் பொம்பளை நடு ஏத்தத்துல மாட்டிக்கிட்டா?"

"தீப்பிடிக்குமா?"

"பிடிக்காது."

"பின்னால உருளுமா?"

"பிரேக் பிடிச்சா நிக்கும்."

"மிதிச்சே ஏறிட முடியுமா?"

"இந்த கனத்தையா? பயில்வானே வந்தாலும் முடியாது. இறங்கித் தள்ளணும்."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மெக்கானிக் மனம் கேட்காமல் பெட்டியைத் துழாவினான். "இந்தாங்க. பதினஞ்சு ஆம்பியர் கன்ட்ரோலர். பழசுதான், காசு வேணாம். உங்க பேட்டரிக்குப் பொருத்தமா இருக்கும். ஆமை மாதிரி போனாலும் உச்சியில கொண்டு விட்டுடும்."

"சும்மா குடுக்கிறவன்கிட்ட நான் எதையும் வாங்கறதில்ல. இருக்கிறதையே மாட்டு."

"பெத்த பொண்ணை நடுரோட்டுல நிறுத்துறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா? டியூட்டிக்கு லேட்டானா யாரு பதில் சொல்றது?"

"நாளைக்கு அவளுக்கு லீவு. ஏறுதான்னு காலையில ஓட்டிப் பாக்கப் போறா. நீ எனக்குப் புத்தி சொல்றதை விட்டுட்டு, எந்த இடத்துல நிக்கும்னு சொல்லு."

இந்த ஆளிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதுதான் என்று மெக்கானிக்குக்குப் பட்டது. கண்ணை மூடி அந்த ரோட்டை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

"ரெண்டாவது வளைவு வரைக்கும் ஏத்தம் கம்மி, போயிடும். அதுக்கப்புறம் செங்குத்து. அங்க இருக்கே வெல்டிங் பட்டறை, சரியா அது வாசல்ல படுத்துடும். பக்கத்துல வேற வீடு வாசல் கிடையாது. உதவின்னா அந்த வெல்டர்கிட்டதான் கேக்கணும். அவனோ மாசக்கணக்கா யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசறதில்ல."

பெரியவர் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எட்டு மாசம்" என்றார். "இவளும் எட்டு மாசமா என் வீட்டுல உம்முனு உக்காந்திருக்கா. பஸ்ஸுல அந்த இடம் வந்தா தலையைத் திருப்பிக்கறா. வயரை நல்லா முறுக்குப்பா, மாப்பிள்ளை பட்டறைக்கு முன்னாடி எங்கயும் நின்னு தொலைச்சிடப் போவுது."