துள்ளும் பூதம்

தான் உருவாக்கிய வீடியோ கேமில் வழிமறிக்கும் உருண்டைப் பூதத்துக்கு, மகள் அமுதினி கட்டிலில் குதித்ததைப் படம்பிடித்து, அந்தத் துள்ளலையே கொடுத்திருந்தாள் தமயந்தி. குதித்து இறங்கும்போது அமுதினிக்கு இடது கால் சற்று முந்தும்; பூதத்துக்கும் அப்படியே. விளையாடுபவர் இயக்கும் வீரன் பூதத்தை மிதித்துக் கொன்றால்தான் அடுத்த கட்டத்துக்கான கதவு திறக்கும் என்ற விதியும் அவள் வைத்ததுதான். அப்போது அது நல்ல விதியாகத் தோன்றியது. கேம் வெளிவருவதற்குள் ஒரு காய்ச்சல் வந்து அமுதினியின் கால்களை முடக்கிவிட்டுப் போனது.

இன்று சக்கர நாற்காலியில் அமர்ந்து முதல்முறையாக விளையாடிய அமுதினி, பூதத்தைக் கண்டதும் வீரனைத் தள்ளி நிறுத்திவிட்டாள்.

"மிதி கண்ணு. அது செத்தாத்தான் கதவு தெறக்கும்."

"தெறக்க வேணாம்மா. அது குதிக்கட்டும்."

பூதம் துள்ளித் துள்ளி இறங்கியது. ஒவ்வொரு முறையும் இடது கால்தான் முந்தியது.