காலுக்கு ஒரு வார்த்தை

லூர்துமேரி ஜெபக்கூடத்தின் கீற்றுத் தட்டியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவள் புருஷன் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் பைபிள். வலது கால் காலி உப்புச் சாக்கின்மேல் நீட்டிக் கிடந்தது. சுண்டுவிரலில் தொடங்கிய கறுப்பு இப்போது புறங்காலுக்கு ஏறியிருந்தது. ஊதுபத்தி கொளுத்துகிற வழக்கம் அவர்கள் சபையில் இல்லை. நாற்றத்தை மறைக்க ஒன்றும் இல்லை.

செல்லப்பனாகப் பிறந்து ஞானஸ்நானத்தில் சாமுவேல் ஆனவர். வாரமெல்லாம் உப்பளத்தில் கூலி, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர்.

உப்புத் தண்ணீரில் வெடித்த கால்தான். மரக்காணத்து உப்பளத்தில் யாருக்குத்தான் கால் வெடிக்கவில்லை? ஆனால் இவருக்குச் சர்க்கரையும் இருந்தது. டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போய் விரலை எடுத்தால் கால் மிஞ்சும். தள்ளிப்போட்டால் காலும் போகும், ஆளும் போவார்.

“கர்த்தர் என்னா சொல்றாருன்னு பாக்கலாம்” என்று வந்து உட்கார்ந்தவர்தான். உபவாசம் வேறு. சர்க்கரை வியாதிக்காரருக்கு உபவாசம்!

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஊருக்கெல்லாம் வார்த்தை சொல்கிற மனுஷன். கிளியனூரிலிருந்து வந்தவளுக்கு எந்த மூலையில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று இவர் மூலமாகக் கர்த்தர் சொன்னார். துபாய் போகலாமா என்று கேட்டவனுக்குச் சொன்னார்.

போன டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, கூட்டம் தட்டிக்கு வெளியே வெயிலில் நின்றது. திரும்பக் கடலில் இறங்கலாமா என்று தேம்பிக்கொண்டே கேட்டான் ஒருவன். இவர் அவன் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். ‘போ மகனே, நான் உன்கூட வர்றேன்னு சொல்றார்’ என்றார். அவன் போனான். இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

இவர் காலுக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரலை வைத்தாள். ஆசரிப்புக் கூடாரத்துத் திரைக்கு எத்தனை முழம் என்று இருந்தது. மறுபடி திறந்தாள். யார் யாரைப் பெற்றான் என்று இருந்தது. மூடி வைத்துவிட்டாள்.

இன்று காலையில் புண்ணைக் கழுவும்போது அவர் முகம் சுளிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்றார். வலி தெரியாத அளவுக்குக் கால் செத்துவிட்டது என்று பட்டதும் அவள் காத்திருக்கவில்லை. கடையில் இருந்த ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டு, கூனிமேட்டு மீரான் பாயை ஆட்டோவோடு வரச் சொன்னாள். ஆட்டோ இப்போது வரப்பு முடிகிற இடத்தில், ரோட்டோரம் நிற்கிறது.

“எழுந்திருங்க.”

“அவர் பேசட்டும், லூர்து.”

“பேசிட்டாரு.”

அவள் யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்க முடியாமல் மேலே சொன்னாள்.

“விடியக்காலைல என்கிட்ட பேசினாரு. ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாரு.”

பொய். அதுவும் கர்த்தர் பேரில். இப்போது சீறுவார், வசனம் சொல்லித் திட்டுவார் என்று நின்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்கிட்டயா?”

அவ்வளவுதான் கேட்டார். பைபிளை மூடி வைத்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி கையை நீட்டினார்.

அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தாள். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, “ஸ்தோத்திரம் பாஸ்டர்” என்றார்கள். எப்போதும் நின்று திருப்பிச் சொல்கிறவர், வரப்பைப் பார்த்தே நடந்தார்.

பாதி வழியில் நின்றுவிட்டார்.

“லூர்து… குரல் எப்படி இருந்துச்சு?”

சோதிக்கிறார் என்று நினைத்தாள். திரும்பி முகத்தைப் பார்த்தாள். இல்லை. பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்க்கிற பார்வை அது.

“நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல” என்றார். “எதுக்குமே. எது நல்லதுன்னு மனசுக்குப் படுதோ, அத அவர் பேரச் சொல்லி…”

உதடு கோணியது.

போர் போட்டவளையோ, துபாய்க்காரனையோ, கடலுக்குப் போனவனையோ அவள் நினைக்கவில்லை. அவள் நினைத்தது அவள் அப்பாவை. மாதா கோயிலை விட்டால் வேறு தெரியாத மனுஷன். நேற்று ஞானஸ்நானம் எடுத்த உப்பளக் கூலிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றவர். இவர் வெயிலில் அவர்கள் வாசலில் நின்றுகொண்டு, ‘இந்தப் பொண்ணக் கர்த்தர் எனக்குக் காட்டினாரு’ என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்பா தலையசைத்தார்.

அவளும்.

ரோட்டில் மீரான் பாய் ஹாரன் அடித்தார்.

லூர்துமேரி புருஷன் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

“குரல் கோவமாத்தான் இருந்துச்சு” என்றாள். “நடங்க.”