ஆந்தையின் இரண்டாவது பொய்

அக்காவின் கை காதைத் தாண்டிவிட்டது. அது அக்காவுக்குத் தெரியாது.

"பாத்தியா, தோளுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. நான்தான் அப்பவே சொன்னேனே" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

முகத்தில் வி.ஆர். ஹெட்செட். அதற்குள் அவர் ஒரு தோட்டத்தில் நிற்கிறார். வலது கையில் ஒரு விளக்கு. அதை மரக்கிளையில் மாட்ட வேண்டும். கிளையில் ஓர் ஆந்தை உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

அந்த ஆந்தை நான்.

நிஜத்தில் நான் இருப்பது வேறு ஊரில், ஒரு மருத்துவமனையின் ஜன்னல் இல்லாத அறையில். பிசியோதெரபிஸ்ட். நேரில் யாரிடமாவது பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆந்தையானால் பேச்சு தானாக வரும்.

நான் அக்கா என்று கூப்பிடும் இவர் என்னிடம் சிகிச்சை பெறுகிறவர்; பார்லர் வைத்திருப்பவர். போன வருடம் வலது தோள் இறுகிப்போனது. இப்போது தோள் சரியாகிவிட்டது. பரிசோதித்த டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார். பயம்தான் போகவில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததும், வலி வருவதற்கு முன்பே, அவராகவே நிறுத்திவிடுவார்.

கையைத் தூக்காமல் யாருக்கு முடி வெட்டுவது? இன்றும் முடியாவிட்டால் கடையை விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தார். வாங்குகிறவர் மாலையில் சாவிக்கு வருகிறார்.

விளையாட்டில் அவர் கை எவ்வளவு உயர்ந்ததாகத் தெரிய வேண்டும் என்பதை நான் மாற்றலாம். இன்று ஒவ்வொரு விளக்குக்கும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். தோள் உயரத்தில் தெரியும் கிளையை எட்ட, நிஜக் கை இன்னும் மேலே போயாக வேண்டும்.

திருட்டுத்தனம் இல்லை. ஒருநாள் விளையாட்டு உங்களை ஏமாற்றும், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன், சம்மதமா என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நுனி மட்டும்தான் வெட்டினேன்னு எத்தனை பேரை ஏமாத்தியிருக்கேன். என்னையே ஏமாத்துவியா நீ? பாக்கலாம்."

அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். அக்கா எதிலும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் நிற்கிறார். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். மேசையில் சாய்த்துவைத்த டேப்லெட் வழியாக எனக்கு அவர் தெரிகிறார். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு நிற்கிறார்.

இப்போதெல்லாம் அக்காவுக்குச் சடை பின்னுவது அவர்தான். சரக்கு மூட்டைகளுக்குக் கயிறு கட்டிய கை. புயலே அடித்தாலும் சடை அவிழாது. வகிடுதான் நெற்றியில் புறப்பட்டு, எங்கெங்கோ சுற்றி, காதுப் பக்கம் போய்ச் சேரும்.

"இந்தத் தலையோட பார்லர்ல நின்னா வர்றவங்களும் ஓடிடுவாங்க" என்பார் அக்கா. எங்கள் பயிற்சி தினமும் அந்தச் சண்டையோடுதான் தொடங்கும்.

"கடைசி விளக்குக்கா" என்றது ஆந்தை. "இன்னும் கொஞ்சம்."

அக்கா முனகிக்கொண்டே தூக்கினார்.

"மாட்டிட்டேன். வலிக்கல. தோள் வரைக்கும்னா எப்பவுமே வலிக்காதுதான்."

"கையை இறக்காதீங்கக்கா. இடது கையால ஹெட்செட்டைக் கழட்டுங்க."

கழற்றினார். எதிரே அலமாரிக் கண்ணாடி. அதில் ஒரு பெண், பதில் தெரிந்த பள்ளிப் பிள்ளை போலக் கையை நேராக உயர்த்திக்கொண்டு நின்றாள்.

அக்கா கையை இறக்கினார். மறுபடி தூக்கினார். அந்தக் கையாலேயே உச்சந்தலையைத் தொட்டு, கோணல் வகிடு போன வழியெல்லாம் விரலை ஓட்டிப் பார்த்தார்.

பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"இதைப் பாத்துக்கிட்டா மரம் மாதிரி நின்னீங்க?"

அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். "வாயைத் திறக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எனக்கென்ன, வீட்டுல பழக்கம்தானே."

அன்று மாலை சாவி யார் கைக்கும் போகவில்லை.

மறுநாள் அக்கா கடையிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டார். போனை எங்கோ சாய்த்துவைத்துவிட்டு, நாற்காலியில் இருந்த பெண்ணிடம் வாயோயாமல் பேசிக்கொண்டே, மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எட்டி எடுத்தார். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"வலிக்குதாக்கா?"

"லேசா இழுக்குது. நீ சொன்ன பயிற்சியை விடல, பயப்படாதே."

போனை எடுக்கக் குனிந்தார். அப்போதுதான் பார்த்தேன். வகிடு நெற்றியில் புறப்பட்டு, எங்கெங்கோ சுற்றி, காதுப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்கா, உங்க தலை..."

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

பின்னாலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அக்காவைக் கடையில் விட வந்தவர் இன்னும் கிளம்பவில்லை.

"ஊர்த் தலைக்கெல்லாம் கை ஏறுதும்மா. சொந்தத் தலைக்கு மட்டும் ஏறலைங்கறா. எவ்வளவு நாளாகும்?"

பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். அதனால்தானோ என்னவோ, நான் கேமராவைப் போடுவதே இல்லை. திரையில் என் இடத்தில் ஆந்தைப் படம்தான் இருக்கும். ஆந்தைக்குக் காது வெளியே தெரியாது.

"கொஞ்ச நாள் ஆகும்ணா" என்றேன்.

"அவசரமில்லம்மா. மெதுவா வரட்டும்."

நேற்று அக்கா அந்த வலது கையாலேயே வகிட்டைத் தடவிப் பார்த்தபோது, என்னைவிடப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.