தெரியாமல் விழுந்தது

"தண்ணி பட்டிருக்கும்மா இதுல. சும்மா தெறிச்ச தண்ணி இல்லை. நல்லா ஊறியிருக்கு."

கடைக்காரர் காது மெஷினைத் திறந்து விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுக்குள் வைக்கிற, கடலை அளவு மெஷின். பேட்டரி உட்காரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. இருபது வருஷமாகக் காது மெஷின் விற்று, ரிப்பேரும் பார்த்து, அந்தத் தெருவில் 'காது டாக்டர்' என்று பெயர் வாங்கியவர் அவர். மெஷினோடு குளித்தவர்கள், மழையில் நனைந்தவர்கள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எதிரே ஒரு பெரியவரும் அவர் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் இல்லாவிட்டால் பெரியவருக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவர்தான் மருமகளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கடைக்குக் கூட்டி வந்திருந்தார். இப்போது பேச்சு எதுவும் விளங்காமல் சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் இருந்ததைப் பார்க்காமல் துணியோடு ஊறவைத்துவிட்டேன் போலிருக்கிறது என்றாள் மருமகள். அந்தப் 'போலிருக்கிறது' காது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. மெஷினை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். துணியோடு ஊறியிருந்தால் சோப்பு வாசனை அடிக்கும். இது சுத்தமான தண்ணீர். சரி, எடுத்த பிறகு அரிசிக்குள்ளாவது புதைத்து வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். நனைந்த ஃபோனை அரிசி டப்பாவில் போடாத வீடு ஊரில் உண்டா?

வாரண்டியை விளக்கினார். தெரியாமல் தண்ணீரில் விழுந்துவிட்டால், கம்பெனி ஒரு தடவை புது மெஷினே கொடுத்துவிடும். தெரிந்தே போட்டதென்றால் ஒன்றும் கிடையாது. எப்படி விழுந்தது என்று கம்பெனிக்கு ஃபோனில் சொல்ல வேண்டியவர் காது டாக்டர்தான்.

"அப்ப வேண்டாம் சார், விட்டுடுங்க," என்றாள் மருமகள். "மெஷின் இல்லாமலே ரெண்டு வருஷம் இருந்தவர்தான். பழகிடுவார்."

காது டாக்டருக்குச் சுருக்கென்றது. புது மெஷின் சும்மா கிடைக்கும் என்கிறேன், வேண்டாம் என்கிறாளே! மாமனாருக்குக் காது கேட்டால் இவளுக்கு என்ன கஷ்டமோ. ஃபோனில் அம்மாவிடம் அவரைப் பற்றி மனம்விட்டுப் பேச முடியாதோ என்னவோ. இவளேதான் தண்ணீரில் போட்டிருப்பாள் என்று மனதுக்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் வரவில்லையா என்று விசாரித்ததற்கு, அவருக்கு வேலை, ராத்திரிதான் வருவார் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பெரியவரையே கேட்டுவிடுவோம் என்று, கடையில் இருந்த மாற்று மெஷின் ஒன்றை எடுத்து அவர் காதில் மாட்டினார். பெரியவர் முகம் மலர்ந்தது. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்து, எண்ணெய் போடணும் என்றார்.

"ஐயா, மெஷின் எப்படித் தண்ணில விழுந்துச்சு? உள்ளதைச் சொல்லுங்க. யாராவது போட்டாங்களா?"

மருமகள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். பெரியவர் அவளை ஒரு தடவை பார்த்தார்.

"யார் போடப் போறா? நான்தான். தினம் படுக்கும்போது பல்செட்டைக் கழட்டி டம்ளர் தண்ணில போடுவேன். அன்னிக்குத் தூக்கக் கலக்கத்துல செட்டுக்குப் பதிலா மெஷினைப் போட்டுட்டேன்," என்று வாய்விட்டுச் சிரித்தார்.

காது டாக்டரும் சிரித்தார். சிரிக்கும்போதே பெரியவரின் வாயைப் பார்த்துவிட்டார். முன்னால் இரண்டு பல் இல்லை. மீதியெல்லாம் கறை படிந்த சொந்தப் பல். இதில் செட் எங்கிருந்து வந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷர், அதுவும் யாரைக் காப்பாற்ற!

அவருக்கு மனசு தாங்கவில்லை. உடனே கம்பெனிக்கு ஃபோன் போட்டு, தெரியாமல் விழுந்ததுதான் என்று அடித்துச் சொன்னார். புது மெஷின் வரும்வரை மாற்று மெஷின் பெரியவர் காதிலேயே இருக்கட்டும் என்றார். மருமகளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வயசானவருக்கு நாலு பேர் பேசுறது காதுல விழுறதே ஒரு சந்தோஷம்மா. அதைப் போய்க் கெடுக்காதீங்க."

அவள் கண் கலங்கியது. இருந்த கோபத்தில் அதுவும் நடிப்பாகவே தெரிந்தது அவருக்கு.

அவர்கள் போன பிறகுதான், மேற்கொண்டு போட பேட்டரி கொடுக்க மறந்தது ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இருவரும் படியிலேயே, அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான் போட்டேன்னு தெரிஞ்சும் ஏன் மாமா எனக்காகப் பொய் சொன்னீங்க? உங்களுக்குக் கேக்காத காலத்துல, உங்க எதிர்லயே உங்களைக் கண்டபடி திட்டிப் பழகிட்டார் உங்க பிள்ளை. இப்பவும் அந்த வாய் நிக்க மாட்டேங்குது. தினம் ராத்திரி அதையெல்லாம் கேட்டுக்கிட்டு நீங்க பேசாம உட்கார்ந்திருக்கிறதை என்னால பார்க்க முடியலை."

காது டாக்டர் பேட்டரியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் மருமகள் தலையில் கை வைத்தார்.

"நான் எங்கேம்மா கேட்டேன்? மெஷின் வாங்கின மறுநாள்லேர்ந்து, தெருமுனையில அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே பேட்டரியைக் கழட்டிப் பையில போட்டுக்கிறேனே!"